செல்வலட்சுமி தின்ற மாத்திரை

ஏழாயிரம்பண்ணைச் செல்வலட்சுமிக்கு ஈடாக ஆய்வு செய்ய இனி ஒருத்தி பிறந்துதான் வரவேண்டும். தீப்பெட்டி ஒட்டிய கை அது. அப்பா பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டினார். அந்தக் கூலியில் படித்து, சென்னையில் பொதுச் சுகாதாரப் பட்டம் வாங்கி, வளரிளம் பெண்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் வேலைக்கு வந்தாள். எவர் சிபாரிசும் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறில், இரத்தசோகைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒன்று வாங்கும் இரும்புச்சத்து மாத்திரை, படிப்பை விட்டுப் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்றாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சோதனையாகக் கொடுத்தும் பார்த்தாள்.

மறுவாரம் ஒருத்தியும் கை நீட்டவில்லை. அந்த மாத்திரை தின்றால் வெளிக்குக் கறுப்பாகப் போகும். நாளெல்லாம் கரித்தூளில் புழங்கும் பிள்ளைகள், அந்தக் கரிதான் குடலுக்குள் இறங்கிவிட்டது என்று நடுங்கிப்போனார்கள். சிலர் வேலைக்கே வரவில்லை.

விருதுநகர்க் கூட்டத்தில் சுகாதாரத்துறை அதிகாரி சுலபமாக முடித்தார். "வேலைக்குப் போற பிள்ளைங்க வேண்டாங்குதுன்னு எழுதிருங்கம்மா. பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்கலாம்."

"பயந்திருக்காக சார். வேண்டாம்னு சொல்லலை. அப்படி எழுத மாட்டேன்."

கம்பெனி வாசலில் போர்மேன் பாண்டி மறித்தார். "சீசன் நேரம் தாயி. ஒன் மாத்திரையால லோடு நிக்குது. உள்ள விட மாட்டேன்."

"விடாதீக அண்ணாச்சி. சோறு திங்க பிள்ளைக வெளிய இந்த வேம்படிக்குத்தான வரணும்?"

வந்தார்கள். எல்லார் கண்முன்னும் மாத்திரையை விழுங்கினாள். "நாளை கழிச்சு வந்து எனக்கு என்ன நெறமுன்னு சொல்லுதேன்."

"நெசமாவா சொல்வீக அக்கா?" பானுப்பிரியா என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சொன்னபடி செல்வலட்சுமி வந்தாள். மரத்தடியில் நின்று, ரோடு வரை கேட்கும்படி சொன்னாள்: "கறுப்பு! அட்டக்கறுப்பு! நான் எந்தக் கம்பெனியில கரி அள்ளுனேன்?"

"பொம்பளப் பிள்ளை பேசுற பேச்சா இது?" என்றார் பாண்டி.

"சோறு திங்கிற எல்லாரும் பேசலாம் அண்ணாச்சி. ஒங்களுக்கும் ஒண்ணு தரட்டா?"

சிரிப்பில் வேம்படி குலுங்கியது. பாண்டி துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார். பானுப்பிரியா கையைக் கழுவிக்கொண்டு வந்து முதலில் நீட்டினாள்.

அறிக்கையில் 'வேலைக்குப் போகும் பெண்களும்' என்று செல்வலட்சுமி எழுதினாள். அதிகாரி அடித்தார். மறுபடி எழுதினாள். மறுபடி அடித்தார். அவர் கைதான் முதலில் ஓய்ந்தது.

இன்றைக்கும் பெரிய பெரிய கூட்டங்களில் அவள் பேச்சு அந்தக் கறுப்பில்தான் தொடங்கும். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.