சக்கரத்தில் ஒட்டிய சிவப்பு

ஆயுத பூஜை அன்று காலை, பொம்மனஹள்ளியில் எங்கள் வாடகை வீட்டு வாசலிலேயே தெருநாய்கள் ஒரு தாய்ப்பூனையைக் கிழித்துப் போட்டன. செங்கல்லை எடுத்து வீசினேன். ஒரு நாய்க்கு மண்டை உடைந்தது, பூனை பிழைக்கவில்லை. அதன் குட்டிகள் இரண்டும் ஓடிப்போய் வீட்டு ஓனரின் காருக்கு அடியில் புகுந்துகொண்டன.

தரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். ஒரு குட்டி என் கட்டைவிரலைக் கடித்துக் குதறியது. “கடிடி சனியனே, நல்லா கடி” என்று திட்டிக்கொண்டே இழுத்து, என் கணவர் கையில் கொடுத்தேன். எதற்கும் சத்தம் போடாத மனுஷன் அவர். இன்னொரு குட்டி முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

அதற்குள் ஓனர் பூசணிக்காயை நடுரோட்டில் ஓங்கி உடைத்தார். உள்ளே அடைத்த குங்குமம் என் புடவையெல்லாம் தெறித்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்கிவிட்டால் பூஜை முடிந்தது.

“சார், கொஞ்சம் பொறுங்க! சக்கரத்துகிட்ட குட்டி இருக்கு!”

“அதெல்லாம் எப்பவோ ஓடியிருக்கும். ராகு காலம் வரப்போகுது, நகரும்மா!”

சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சாவியைப் பிடுங்க ஜன்னலுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டை முறுக்கித் தள்ளினார் பாவி. முழங்கை சிராய்க்க விழுந்தேன். வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டதும், வருஷா வருஷம் போலத் தெருவே கைதட்டியது.

முன்சக்கரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. “குங்குமம்தான்” என்றார் ஓனரின் மனைவி.

“குங்குமத்துக்கு ஏதுங்க வாலு?” என்று கத்தினேன்.

ஓனரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். உடைந்த பூசணித் துண்டைத் தூக்கிக் கார் கண்ணாடி மேல் அடித்தேன்.

“நல்ல நாளும் அதுவுமா என் மேலயே கை வைக்கிறியா? வீட்டைக் காலி பண்ணு!”

“பண்றேன்யா! உன் வீட்டுல மனுஷன் இருப்பானா?”

உள்ளே வந்தேன். கணவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மடியில் அந்தக் குட்டி.

“நானும் கை தட்டிட்டேன்டி” என்றார். “இதை அக்குள்ள இடுக்கிக்கிட்டு, பழக்கத்துல தட்டிட்டேன்.”

அவரையும் அறையத்தான் கையை ஓங்கினேன். குட்டி அலறிக்கொண்டு அவர் சட்டைக்குள் புகுந்து நடுங்கியது. கையைக் கீழே இறக்கினேன்.