பஞ்சுக் கிடங்கில் கூப்பிட்டவள்

இது நடந்தது. பெருங்குடியில், எழுபத்திரண்டாம் வருஷம், சித்திரைக் கடைசியில். அங்கே நின்ற மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு, மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வரவேண்டும், கூடவே நாய் ஊளையிட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது வந்தது உச்சி வெயிலில், ஊரே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

அன்றைக்குப் பெருங்குடி பட்டணத்தோடு சேர்ந்ததில்லை. ஒரு பக்கம் கழுவெளிச் சதுப்பு, ஒரு பக்கம் மகாபலிபுரம் ரோடு, நடுவில் ஓலைக் குடிசைகள். குடிசை பற்றிக்கொண்டால் அடையாற்றுப் பாலம் தாண்டிப் பட்டணத்துத் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் சாம்பல்கூட ஆறிவிடும். வண்டிக்காரர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, தூரம் அப்படி. அதனால் ஊரே சொந்தமாக ஒரு தீயணைப்புப் படை வைத்துக்கொண்டது. படை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை. ஏலத்தில் எடுத்த பழைய பம்பு ஒன்று, இரண்டு சக்கரத்தின் மேல். அதை இழுத்துக்கொண்டு ஓட எட்டு ஆள். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

படையை ஆரம்பித்தவர் வெள்ளைத்துரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை போட்டவர். ஊருக்கு அவர் அண்ணாச்சி. அதிகம் பேசமாட்டார், சொன்ன சொல்லிலிருந்து மாறமாட்டார். படைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். புகைக்குள் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். மறுமுனை தலைவன் கையில் இருக்கும். தலைவன் என்ன நடந்தாலும் வாசலைத் தாண்டக்கூடாது. அவன் வெளியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் 'இருக்கியா' என்று அர்த்தம். உள்ளே போனவன் ஒரு இழுப்பு இழுத்தால் 'இருக்கேன்' என்று அர்த்தம். பதில் வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து ஆளை வெளியே இழுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தால் அந்தப் படை ஒரு உயிரைக்கூடப் பறிகொடுத்ததில்லை, அண்ணாச்சியைத் தவிர. அறுபத்தெட்டில் அவருடைய சரக்குக் கொட்டகை எரிந்தபோது கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவரே உள்ளே போனார். திரும்பி வரவில்லை. ஊர் அதற்கு வீரம் என்று பேர் வைத்து, படத்தை மாட்டி மாலையும் போட்டது.

அடுத்த தலைவன் கபாலி. மணல் வண்டி ஓட்டுகிறவன். அண்ணாச்சி நின்ற இடத்தில் கபாலியா என்று ஊரில் பாதிப் பேர் வாய்விட்டே கேட்டார்கள். கபாலியும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்குத் தைரியம் கொடுக்க வீட்டில் தங்கம் இருந்தாள். தங்கம் கொடுக்கும் தைரியம் வசவு ரூபத்தில்தான் வரும். புருஷனை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். அந்த யோவில் பத்து விதம் உண்டு. எது சோற்றுக்கு, எது சண்டைக்கு, எது சும்மா பாசத்துக்கு என்று கபாலிக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்தே பார்க்க முடியாது.

தங்கத்துக்கு வேலை பஞ்சுக் கிடங்கில். மில்லில் கழித்துக் கட்டிய பஞ்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். பெண்கள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தால் அது மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் மெத்தைக் கடைகளுக்குப் போகும்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொட்டகை மணி அடித்தது. பஞ்சுக் கிடங்கு.

பம்பை இழுத்துக்கொண்டு இவர்கள் போய் நிற்கும்போது ஜுவாலை ஒன்றும் பெரிதாக இல்லை. பஞ்சு அப்படித்தான். எரிவதை விடப் புகையும். கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் மஞ்சளாக, கெட்டியாகப் புகை வந்துகொண்டிருந்தது. வேப்ப மரத்தடியில் வேலைக்காரப் பெண்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கபாலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான்.

"தங்கம் எங்க?" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு பிரிக்கும் நஸ்ருன்னிசாதான் வாயைத் திறந்தாள். "காலைல எங்கூடதான் இருந்திச்சு. அப்பால காணம். அது தூக்குவாளி உள்ளயே கீது."

கபாலி வாசலை நோக்கி ஓடினான். ஆனால் சட்டம் சட்டம்தான். அவன் வாசலில் நின்றான். படையிலேயே ஒல்லியான வைரவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, தலையில் நனைத்த கோணியைப் போட்டு உள்ளே அனுப்பினான். பம்பை இனாயத் பார்த்துக்கொண்டான். சைக்கிள் கடைக்காரன், கையில் இரும்பு இருந்தால் நிதானம் தவறாதவன்.

கயிறு புகைக்குள் சரசரவென்று போயிற்று. பிறகு நின்றது.

கபாலி ஒரு இழுப்பு இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி இழுத்தான். மறுபடி பதில் வந்தது.

அப்போது கிடங்கின் பக்கச் சந்திலிருந்து ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் கரி. கண்ணைத் திறக்க முடியவில்லை. வைரவன்.

"கயிறு எதுலயோ மாட்டிக்கிச்சிண்ணா," என்றான் மூச்சு வாங்க. "அவுத்து உட்டுட்டு ஜன்னலாண்ட ஏறிக் குதிச்சிட்டேன். கைக்கு எட்ன வரைக்கும் தடவிட்டேன். உள்ள யாரும் இல்ல."

"எப்ப அவுத்த?"

"போன உடனே."

கபாலி தன் கையைப் பார்த்தான். கயிறு விறைப்பாகப் புகைக்குள் நீண்டிருந்தது.

ஒரு இழுப்பு இழுத்தான்.

காத்திருந்தான்…

ஒரு இழுப்பு வந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, பாவம். இந்த இழுப்பு தங்கத்துக்குத் தெரியும். துணி காயப்போடும் கொடிக் கயிற்றை இடுப்பில் கட்டி விளையாட்டாக அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். வைரவன் விட்ட கயிறு அவள் கைக்குக் கிடைத்திருக்கிறது. உயிரோடு இருக்கிறாள்.

அதே நேரத்தில் குரலும் வந்தது.

"யோவ்… இன்னா அங்கயே நின்னுக்கினு கீற. வா."

சோற்றுக்குக் கூப்பிடும் யோவ். அவளேதான்.

"உள்ள கீறா இனாயத்," என்றான் கபாலி. "கூப்புட்றா பாரு."

இனாயத் பம்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். "எனுக்கு ஒண்ணும் கேக்கல நைனா."

"கேக்கலயா?"

"போவாத. அண்ணாச்சி சட்டம்."

கபாலி வேட்டியை வரிந்து கட்டினான். அவனைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் இனாயத் கிணற்று வாளிக் கயிற்றை அவிழ்த்து வந்து அவன் இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சைப் போடுவதற்குள் கபாலி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இனாயத் அதைக் காதில் வாங்கவில்லை.

உள்ளே முழு இருட்டு. வெளியே அப்படி வெயில், உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை.

தரையோடு தரையாக ஊர்ந்தான். இடது கை வைரவன் விட்ட கயிற்றைப் பிடித்திருந்தது. மூன்றாவது மூச்சிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கண் எரிந்தது. தொண்டை எரிந்தது.

"யோவ்… இந்தப் பக்கம்."

"தங்கம்…"

"இங்கதான் கீறேன். வா."

நிதானமான குரல். தெளிவான குரல்.

அவளுக்கு ஏன் இருமல் வரவில்லை?

அந்தக் கேள்வி கபாலிக்கு வந்தது. வராமல் இல்லை. வந்தும் அவன் ஊர்ந்துகொண்டுதான் இருந்தான்.

கயிறு கையில் நகர்ந்தது. அவன் பிடித்துப் போகவில்லை. அது அவனை அழைத்துப் போயிற்று… கொஞ்சம் கொஞ்சமாக… மூட்டைகளுக்கு நடுவே… கதவு எந்தத் திசையில் இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

அப்போது முதுகுக்குப் பின்னால், வெகுதூரத்தில், இன்னொரு குரல்.

"யோ… யோ…"

கொழகொழவென்று… வாய்க்குள் எதையோ அடைத்துக்கொண்டு கத்துவதுபோல். தங்கம் மாதிரி பேச முயற்சி செய்கிற யாரோ.

கபாலி இன்னும் வேகமாக உள்ளே ஊர்ந்தான். பேய் வெளியே நிற்கிறது என்று நினைத்தான்.

"அது யாரோ… நீ வா," என்றது உள்ளே இருந்த குரல்.

வந்துவிட்டான். பக்கத்தில்தான். கையை நீட்டினான்.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

அந்த அனலில்… அது குளிர்ந்திருந்தது.

இடுப்புக் கயிறு வெட்டி இழுத்தது.

கபாலி மூட்டையைக் கட்டியிருந்த சணலைப் பிடித்துக்கொண்டான். வரமாட்டேன் என்று கத்தினான். இழுப்பு நிற்கவில்லை. சணல் அறுந்தது. தரையில் தேய்ந்துகொண்டே பின்னால் போனான். மணிக்கட்டைப் பிடித்த கை கூடவே வந்தது…

வெகுநேரம் கூடவே வந்தது.

வாசல் வெளிச்சம் காலில் பட்டபோதுதான் விட்டது.

கண் திறந்தபோது மேலே வெயில். அவன் நெஞ்சில் குத்திக்கொண்டு, மூக்கும் வாயுமாக அழுதுகொண்டு ஒரு பெண். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் ரத்தம் தோய்ந்த பஞ்சு. தங்கம். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. இனாயத்தோடு சேர்ந்து வாளிக் கயிற்றை இழுத்தவள் அவள்தான். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் விலகிப் படுத்தான் என்று இனாயத் சொல்கிறான். அடுத்த நிமிஷம் கிடங்கின் ஓடு மொத்தமாக உள்ளே விழுந்தது.

விஷயம் ஒன்றுமில்லை. பல்வலி பொறுக்காமல் மேஸ்திரியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பதினோரு மணி வாக்கில் தங்கம் அடையாற்றுக்குப் பல் பிடுங்கப் போயிருக்கிறாள். மேஸ்திரி சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டான். பஸ்ஸை விட்டு இறங்கியவள் புகையைப் பார்த்து ஓடிவந்தாள். மரத்துப்போன நாக்கோடும் வாய் நிறையப் பஞ்சோடும் கூப்பிட்டால் குரல் எப்படி வரும்?

சாம்பல் ஆறியதும் தேடிப் பார்த்தார்கள். உள்ளே யாரும் செத்துக் கிடக்கவில்லை. ஊர் கபாலிக்கும் வீரம் என்று சொல்ல ஆரம்பித்தது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். அண்ணாச்சிக்கு ஏற்ற ஆள்தான் என்றார்கள். கபாலிக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. வீட்டில் தங்கம் கூப்பிட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தான். அடுத்த தீக்கு மணி அடித்தால் வாசலில் நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வரும். இழுத்தது யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதை அப்போது யாரிடமும் அவன் சொல்லவில்லை. அந்தக் குரலைப் பற்றியும் இனாயத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்துப் பீடி வாங்கக் கடைக்குப் போனான். அண்ணாச்சி போன பிறகு அவர் மனைவி முத்துலட்சுமிதான் கடையைப் பார்க்கிறாள். பீடிக்கட்டைக் கையில் கொடுத்தவள், மற்ற ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, உள்ள உன்னைய யாரும் கூப்பிட்டாகளா?"

கபாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"எப்படிக் கூப்பிட்டாக?"

"தங்கம் எப்டி கூப்புடுமோ அப்டியே, ஒரு மாத்தமும் இல்லாம. வெளிய நின்ன தங்கம்தான் யாரோ மாரி இருந்திச்சிம்மா. நான் திரும்பி வர்ல. இஸ்து எடுத்தாங்க."

முத்துலட்சுமி தராசைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் திருவான்மியூர் கோயிலுக்குப் போயிருந்தேன்," என்றாள். "சரக்குக் கொட்டகையில இருக்கேன்னு அவுக நெனச்சிட்டாக. தீயப் பாத்து நான் ஓடியாறேன், அவுக கயித்தப் போட்டுட்டு வாசப்படியில கால வச்சாச்சு. கல்யாணமான நாள்லேருந்து 'இங்கேருங்க'ன்னுதான் கூப்பிட்டிருக்கேன் தம்பி. அவுக பேரு என் வாயில வந்ததே இல்ல. அன்னைக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. 'வெள்ளைத்துரை'ன்னு பேரச் சொல்லிக் கத்திப்புட்டேன்."

"அண்ணாச்சி நின்னாராம்மா?" என்றான் கபாலி.

"நின்னாக. திரும்பி எம் மூஞ்சிய நல்லாப் பாத்தாக. பேயப் பாக்குற மாதிரி பாத்தாக. பொறவு விறுவிறுன்னு உள்ள போயிட்டாக."