எண்ணாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமை

இந்த நினைவு மலரின் அச்சுப் பிரதி திருத்துவதற்காக என் கைக்கு வந்தபோது, அக்காவின் பெயருக்குப் பின்னால் மூன்று இடங்களில் 'எம்.ஏ.' என்று இருந்தது. மூன்றையும் அடித்து 'பி.ஏ.' என்று எழுதினேன். "இருந்துட்டுப் போவட்டுமேப்பா, யாரு வந்து செக் பண்ணப் போறாங்க?" என்றான் என் மகன். இருக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தார். நான் இரண்டு ஆண்டு இளையவன். அப்பா காலமானபோது அக்காவுக்கு வயது பதினான்கு. அதன் பிறகு காலடிப்பேட்டையில் ஓர் அறை, மூன்று பேர், ஒரு விளக்கு. அந்த ஒரு விளக்கில் படித்துத்தான் அக்கா கணிதத்தில் பி.ஏ. முதல் வகுப்புப் பெற்றார். நான் பள்ளியிறுதியோடு நிறுத்திக்கொண்டு, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலையில் சேர்ந்தேன். "நீ மூட்டைய எண்றே, நான் மூட்டையே இல்லாம எண்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்டா" என்று அக்கா கேலி செய்வார்.

சுதந்திரம் வந்த இரண்டாம் ஆண்டு எம்.ஏ. வகுப்புக்கு விண்ணப்பித்தார். மொத்தம் பன்னிரண்டு இடங்கள். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக வண்ணாரப்பேட்டையில் எடுத்ததுதான் அவர் வாழ்வின் முதல் புகைப்படம். இம்மலரின் முகப்பில் இருப்பதும் அதுவே.

பல்கலைக்கழகக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை தேதியிட்டிருந்தது. இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, கடிதத் தேதியிலிருந்து பத்து நாட்களுக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்போது அம்மா டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா பகலும் இரவும் அங்கேயே இருந்தார். கடிதம் கசங்கிவிடுமே என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, செய்தியை மட்டும் கொண்டுபோனேன்.

"அக்கா, சீட்டு கெடச்சிட்ச்சி! பத்து நாள் டயம் குடுத்துக்கிறாங்க."

அக்கா அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னிக்குடா கடைசி?" என்றார்.

"வர்ற புதன் இல்ல, அதுக்கடுத்த புதன்."

"எண்ணிட்டியாடா?"

"எண்ணிட்டேங்கா."

எண்ணத்தான் எண்ணினேன். எப்படி எண்ணினேன்? எங்கள் துறைமுகத்தில் இறங்கிய சரக்கை வாடகை இல்லாமல் சில நாள் வைத்திருக்கலாம். சரக்கு வந்த நாள் அந்தக் கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமையும் சேராது. எனக்குத் தெரிந்த ஒரே நாள் கணக்கு அது. கடிதத் தேதியை மறந்து, கடிதம் வந்த வெள்ளியை விட்டு மறுநாளிலிருந்து தொடங்கினேன். இரண்டு ஞாயிறுகளை விட்டேன்.

அடுத்த வியாழனன்று அக்கா, "பக்கத்துப் பெட்காரம்மாவ பாத்துக்கச் சொல்லிட்டு இன்னிக்கே ஒரு எட்டு போய்ட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னாத்துக்குக்கா அவசரம்? அம்மாவ வூட்டுக்குக் கூட்டிகினு போய் வுட்டுட்டு நிம்மதியா போலாம்" என்றேன்.

ஞாயிறன்று அம்மா வீடு திரும்பினார். இரண்டு நாள் கையிலிருக்கிறது என்ற தெம்போடு திங்கள் காலை இருவரும் பல்கலைக்கழகம் சென்றோம். குமாஸ்தா கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமையே முடிஞ்சிபோச்சேம்மா. சனிக்கெழம காலைல அடுத்த பேருக்கு லெட்டர் போட்டாச்சு."

"ஞாயித்துக்கெழமய கழிச்சிக்கணும் சார். எங்க ஹார்பர்ல சேக்க மாட்டாங்க" என்றேன்.

"இங்க சரக்கு ஒண்ணும் எறங்கலியே தம்பி" என்றார் அவர். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

டிராமில் வீடு திரும்பினோம். அக்கா கடிதத்தைப் பிரித்து, செவ்வாயிலிருந்து விரல் விட்டு எண்ணினார். "அவங்க கணக்கு சரிதான்டா" என்றார். அவ்வளவுதான்.

மறு ஆண்டும் விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு அம்மா போய்விட்டார். அக்கா திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர் என்று இம்மலரில் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மை. என்னையும் கடிந்ததில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, நான் எண்ணிக் கொடுத்த எதையும், அது தேங்காயானாலும் துணியானாலும், தாமும் ஒரு முறை எண்ணிப் பார்க்காமல் அவர் வாங்கியதே இல்லை. ஒரு நாளாவது வாய்விட்டுத் திட்டமாட்டாரா என்று காத்திருந்தே எனக்கு வயதாகிவிட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பதினோரு நாட்கள் இருந்தார். ஒன்பதாம் நாள் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணிட்டியாடா?"

"எண்ணிட்டேங்கா."

"குடு, நானும் ஒருவாட்டி எண்றேன்."

ஆறு மாத்திரைகள். நான்கு வரை எண்ணினார். அதற்கு மேல் விரல் எழவில்லை. அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், இரண்டு செவிலியர், இரத்தம் கொடுத்த எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூவர், தோள் கொடுத்தவர்கள், வந்திருந்து துயரத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் காரியம் என்றைக்கு வருகிறது, இறந்த நாளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று உறவினர்கள் என்னைத்தான் கேட்டார்கள். நான் எண்ணவில்லை. அக்காவிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படித்த ஓர் அம்மையார் எண்ணிச் சொன்னார். அவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.