ஷட்டர் முன்னுரிமை

அடுகோடியில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை விஷயமாக அமெரிக்கா போன நண்பரை நச்சரித்து ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வரவழைத்திருந்தேன். ஆறு மாதம் டயலை ஆட்டோவிலிருந்து நகர்த்தவே இல்லை. எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்தது, நல்ல பெயரை மட்டும் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். அங்கே பெண்களுக்கு த்ரோபால் போட்டி வைத்தார்கள். ஆம்பூரில் பள்ளி அணிக்கு ஆடியவள் அவள். பத்தாவது முடிந்ததும், பொம்பளப் பிள்ளைக்கு என்ன எகிறல் குதியல் என்று மாமனார் நிறுத்திவிட்டார். பதினோரு வருடம் கழித்து மறுபடி பந்தைத் தொட்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பணுங்க. நான் எகிறி பந்து புடிக்கிற மாதிரி. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றாள்.

பயிற்சி ஆட்டத்தில் ஆட்டோவில் எடுத்துப் பார்த்தேன். வலை பளிச்சென்று இருந்தது, பின்னால் இருந்த சுவரும் அப்படியே. இவள் மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இழுபட்டிருந்தாள். அன்றுதான் கையேட்டைப் பிரித்தேன். ஷட்டர் முன்னுரிமை என்று ஒன்று இருந்தது. ஷட்டர் வேகத்தை நாம் சொன்னால் போதும், லென்ஸின் வாயை எவ்வளவு திறப்பது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தேன். அதற்குமேல் படிக்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற கொழுப்புதான்.

நாலு மணிக்கு என்று சொன்ன இறுதி ஆட்டம் ஐந்தரைக்குத் தொடங்கியது. மேகம் கட்டியிருந்தது. கேமராவில் கண்ணை வைத்தால் கீழே ஓர் எண் மினுக்கிக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க நான் பார்ப்பது மினுக்கும் விளக்குகளைத்தான். விளக்கு மினுக்கினால் லைன் உயிரோடு இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு என்று அர்த்தம். அந்தத் தைரியத்தில் அழுத்தித் தள்ளினேன். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று, எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதையும் அணைத்து வைத்திருந்தேன்.

கடைசிப் புள்ளி. பந்து இவளை நோக்கி வந்தது. "ஹிடி! ஹிடி!" என்று கூட ஆடியவர்கள் பிடிக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்கள். அழுத்தினேன். இந்த வகைக் கேமராவில் அழுத்துகிற கணத்தில் கண்முன் கறுத்துவிடும். வெளிச்சம் திரும்பியபோது பந்து அவள் கையில் இருந்தது, கால் தரையில் இருந்தது. அவள் எறிந்ததை எதிரணி கோட்டைவிட்டது. ஜெயித்துவிட்டார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே இருட்டு. லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தும் வெளிச்சம் போதவில்லை என்று அந்த எண்ணை மினுக்கிக் கேமரா சொன்னதைத்தான், எல்லாம் சரி என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவுக்கு போன் போட்டாள். ஜெயித்த கதையைச் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "போட்டோ போனா போவுது. நீங்க பாத்தீங்க இல்ல, அப்பா கேக்கறாரு, சொல்லுங்க."

"மாப்ள, எவ்ளோ ஒசரம் எகிறினா?" என்றார் மாமனார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு முழம், ரெண்டு முழம் என்று அளந்து விட்டிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகிவிட்டது.

"நான் பாக்கல மாமா. போட்டோ எடுத்துக்கினு இருந்தேன்."



"நானுந்தான் மாப்ள" என்றார். "ஸ்கூல்ல ஆடறப்ப ஒரு நாளு கூடப் போயி பாக்கல. பாக்காமலே நிறுத்திட்டேன்."

அவர் அதை அவளிடம்தான் சொல்லவேண்டும். போனை அவள் கையில் கொடுத்தேன்.