அச்சு இறுகும் வரை

பல் மருத்துவமனையில் பல்வரிசைக்கு அச்செடுக்கும் அவளுக்கு, ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளைப் பாடிய ஐந்து பையன்களின் குழு என்றால் உயிர். அக்காவின் கணவருக்கோ அது இளக்காரம். அவளுடைய பிறந்தநாளன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், ஓடிக்கொண்டிருந்த அவர்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இதைப் போய் மனுஷன் கேப்பானா?" என்று சிரித்தார். அவள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

கடைவாய்ப் பல் உடைந்து, போன வாரம் அவர் அவளுடைய நாற்காலிக்கே வந்து சேர்ந்தார். பசை நிரப்பிய தட்டை மேல்வரிசையில் அழுத்தி, "இறுகுற வரைக்கும் அசையக் கூடாது அத்தான். அசைஞ்சா மறுபடியும் முதல்லேர்ந்துதான்" என்றாள். பிறகு அதே பாட்டைப் போட்டாள்.

அவர் விழி பிதுங்கியது. பாதிப் பாட்டில் பொறுக்க முடியாமல், "இத நிறு..." என்று குழறினார். அச்சு கோணிப்போயிற்று.

"அடடா, கெட்டுப்போச்சே!" என்று உதட்டளவில் வருந்திவிட்டுப் புதுப் பசை குழைத்தாள். பாட்டையும் முதலிலிருந்து வைத்தாள். இம்முறை அத்தான் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கடைசி வரி வரை கேட்டார். அச்சு பிசிறில்லாமல் வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் கீழ்வரிசை இருக்கே அத்தான். அதுக்கு அவங்களோட புது ஆல்பம் வச்சிருக்கேன்."