துரை என்று பெயர் வைத்த ரோபோ

பதுளையில் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலை ரோபோ குழுவில் என் வேலை பேசுவது. என் தோழிகள் இருவரும் வயர் இணைப்பார்கள், புரோகிராம் எழுதுவார்கள். நான் முன்னால் நின்று விளக்கம் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் எங்கள் பொறுப்பாசிரியை, நாலு சனிக்கிழமை தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யப் பழக்கிவிட்டு வாருங்கள் என்றார். எங்களுக்குக் கிடைத்தது ஹாலிஎலைக்கு மேலே இருந்த நான் பிறந்த தோட்டம். பதுளை விடுதிக்கு வருமுன் நான் படித்த அதே பாடசாலை. விடுவேனா? இரண்டு பக்கத்துக்கு ஓர் உரை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

“அன்பார்ந்த மாணவச் செல்வங்களே” என்று தொடங்கியதுதான் தாமதம், எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“அக்கா, சின்னப் புள்ளயில ஆட்டுக்குப் பயந்து, புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பரா ஜன்னல்ல ஏறி நின்னது நீங்கதானே? எங்கம்மாதான் எறக்கி விட்டாங்களாம்.”

வகுப்பு மொத்தமும் சிரித்தது. என் தோழிகள் அதற்கும் மேலே சிரித்தார்கள். உரையின் மிச்சம் எனக்கு மறந்தே போயிற்று. கொண்டுபோன சாமான் பெட்டியிலிருந்து நேராக எங்கள் ரோபோவை எடுத்துத் தரையில் வைத்தேன்.

அதற்குள் மத்தியானக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சிலர் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களில் என் அம்மாவும் இருந்தாள், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல்.

“ஏம்புள்ள, இது வீடு கூட்டுமா?” என்று கேட்டாள் அம்மா.

“கூட்டாதும்மா.”

“தண்ணி கொண்டாருமா?”

“கொண்டாராது.”

“அப்புறம் என்னதான் செய்யும்?”

“முன்னால யாராச்சும் வந்தா, தெரிஞ்சுக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிரும்.”

“ஓ, நம்ம துரை மாதிரி!” என்றாள் அந்த எட்டாம் தரத்துக்காரி.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போன எல்லாருக்கும் அது உடனே விளங்கிவிட்டது. வாசலில் எழுந்த சிரிப்பில் என் அம்மாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அன்றே ரோபோவுக்குத் துரை என்று பெயர் விழுந்தது. அட்டையில் அதை எழுதி அந்தப் பிள்ளையே ஒட்டியும் விட்டாள்.

பிறகு அந்த ரோபோவைக் கழற்றிப் பிள்ளைகளையே பூட்டவைப்பது என்று ஏற்பாடு. பேச்சுத்தான் எடுபடவில்லை, வேலையிலாவது காட்டுவோம் என்று அடுத்த சனிக்கிழமை ஸ்க்ரூட்ரைவரை நான் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பூட்டினேன், கழற்றினேன், மறுபடி பூட்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

“அக்கா, இது எங்களுக்குப் பழக்கவா, இல்ல நீங்க பழகவா?” என்று கேட்டாள் அதே எட்டாம் தரத்துக்காரி.

சுருக்கென்றது. ஸ்க்ரூட்ரைவரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் ஒரு சக்கரத்தின் வயரை மாற்றி இணைக்க, துரை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினார். வாயைத் திறக்காமல் இருந்தேன். பிழையை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

கடைசிச் சனிக்கிழமை சின்னக் கண்காட்சி. பிரதம விருந்தினர் யாரென்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஜீப்பிலிருந்து தோட்டத்துப் பெரியதுரையே இறங்கியபோது அதிபர் அந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அட்டையைக் கிழிக்க நேரமில்லை.

“துரையா? ஏன் அந்தப் பேர்?” என்று பெரியதுரை கேட்டார். சிங்களவர்தான், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

நான் முந்திக்கொண்டேன். “கம்பீரமா இருக்கிறதால சேர்...”

“இல்ல சேர்,” என்றாள் அந்த எட்டாம் தரத்துப் பிள்ளை. “ஆள் கிட்ட வந்தா திரும்பிப் போயிரும். அதுதான்.”

பெரியதுரை ரோபோவின் முன்னால் குந்தினார். அது அவரைக் கண்டு நின்று, திரும்பி, வேறு பக்கம் போயிற்று. எழுந்து அந்தப் பக்கமும் போய்க் குந்தினார். அங்கேயும் திரும்பிக்கொண்டது. அவர் காது சிவந்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

“இத நிக்க வைக்க ஏலாதா?”

“ஏலும் சேர். புரோகிராம்ல ரெண்டு வரி மாத்தணும்,” என்றாள் அவள்.

“மாத்துங்க, பாப்போம்.”

அவளும் கூட்டாளிகளும் எங்கள் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் முதலாம் தரத்துப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு காத்திருந்தார். உதவி செய்ய என் கை துடித்தது. ஒரு தோழி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கால்மணி நேரத்தில் ரோபோ அவர் சப்பாத்துக்கு முன்னால் போய் அப்படியே நின்றது. பிள்ளைகளைவிடப் பலமாகக் கைதட்டியவர் அதிபர்தான்.

அடுத்த மாதம் தோட்டப் பாடசாலைக்குப் பெரியதுரையிடமிருந்து ஒரு பழைய கணினி வந்தது. லயத்துக் கூரையை அளக்க ஒருவர் வந்தார் என்று அம்மா சொன்னாள். அளந்துகொண்டு போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.

அன்று கண்காட்சி முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு இறங்கியபோது அந்த எட்டாம் தரத்துப் பிள்ளை கூடவே வந்தாள். என் கையைப் பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்து, ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன்.

“அடுத்த சனிக்கிழமை வரமாட்டீங்களா அக்கா?”

“இதோட முடிஞ்சிருச்சும்மா. எங்களுக்குச் சோதனை வருது.”

கொஞ்சம் யோசித்தாள்.

“பரவாயில்ல. நீங்க படிங்க. அந்த சாமான் பெட்டிய மட்டும் யார்கிட்டயாச்சும் குடுத்து விடுங்க.”

பொறுப்பாசிரியையிடம் கெஞ்சிப் பெட்டியை வாங்கி, வீட்டுக்குப் போன ஒரு சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, உள்ளே சாமான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னை உட்காரச் சொன்னாள்.