கல்பாத்தி மாடியில் வாய்ப்பூட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நால்வர் மாதம் ஒரு ஞாயிறு பாலக்காட்டுக் கல்பாத்தியில் கூடுவோம். நால்வருக்கும் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு, நால்வருக்கும் ஒரே துறை: நாடு விட்டு நாடு போகிறவர்களைப் பற்றிய சட்டம். எங்கள் வழிகாட்டிகள் யாருக்கும் அதில் பழக்கமில்லை. அதனால் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் திருத்துவது என்று ஏற்பாடு. நான் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்துகொண்டே படித்தவன். இன்னொருவர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, அத்தாவுக்கு ஜவுளிக்கடை. மூன்றாமவர் கல்பாத்திப் பெண். அவர் வீட்டு மாடியில்தான் கூட்டம். நான்காமவர் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. அத்தியாயத்தை எழுதியவர் மற்ற மூவரும் குறை சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ராவுத்தர் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார். முதல் கூட்டத்தில் சின்னக்கானல்காரர் ஒவ்வொரு வரிக்கும் வாதாடி எங்களைச் சாப்பிட விடாததால் வந்த விதி அது.

அவர் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே சின்னக்கானல் மாமா வீட்டுக்குப் படிக்க வந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று அம்மா பிறகு கப்பலேறி வந்தார். அக்கா வரவில்லை. அக்காவின் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப்போட்டிருந்தார். அம்மாவோடு வந்துவிடவா என்று அக்கா கேட்டபோது, பொறு என்று எழுதியவர் தம்பிதான். இந்தியாவுக்கு மனுப்போட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. அங்கே குடியுரிமை கிடைத்துவிட்டால் பாஸ்போர்ட்டோடு வரலாம், போகலாம். அந்த வாதமே பிறகு அவருடைய நான்காம் அத்தியாயம் ஆயிற்று.

திரும்பி வந்தவர்களைப் பேட்டி காண ஒருமுறை நாங்கள் சின்னக்கானல் போனோம். அவருடைய அம்மா பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“எல்லாரும் சட்டம் படிக்கிற பிள்ளைகளாய்யா? இத்தன பேரு இருந்து எம்மகள ஒருத்தர் கூட்டியாரப்படாதா?”

“வருவாங்கம்மா. பாஸ்போர்ட்டோட ராஜாத்தி கணக்கா வந்து இறங்குவாங்க” என்றார் ராவுத்தர்.

“ராஜாத்தியா வர வேண்டாம்யா. கொழுந்து பறிக்க வந்தாப் போதும்.”

சின்னக்கானல் நண்பர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

குடியுரிமை வருவதற்கு முன் அங்கே தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காத மாதங்கள் வந்தன. அக்கா கிடைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். வயிற்றுப்போக்கு வந்தபோது தாங்க உடம்பில் ஒன்றுமில்லை, இறந்துவிட்டார் என்று அங்கிருந்து நண்பரின் பல்கலைக்கழக முகவரிக்குத் தகவல் வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். நான்காம் அத்தியாயத்தோடு வந்தார். அக்கா எப்படிப் போனார் என்று சொன்னார். பிறகு பிரதிகளை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, விதிப்படி வாயை மூடி உட்கார்ந்தார்.

கீழே தெருவில் ஒரு பெண் கீரை கூவிப் போனாள்.

“இன்னிக்கு இது வேண்டாமே” என்றார் கல்பாத்திப் பெண். “வேறே ஒரு நாள் பாத்துக்கலாம்.”

நண்பர் தலையை மட்டும் ஆட்டினார். இன்றே படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

படித்தோம். ராவுத்தர் ஒரு மேற்கோளைச் சரிபார்க்கச் சொன்னார். நான் ஒரு நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்கச் சொன்னேன். இரண்டையும் குறித்துக்கொண்டார். கல்பாத்திப் பெண்தான் எங்களில் கறாரானவர். அவர் எதையும் விட்டுவைத்ததில்லை. அன்று கடைசிப் பக்கம்வரை போய், முதலிலிருந்து மறுபடி படித்தார்.

“தப்பு எங்கேன்னு சொல்லுங்க” என்றார் நண்பர். விதியை மீறியது அதுதான் முதல் தடவை. “எங்கயாச்சும் இருக்கணும். நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். தப்பு இல்லை. சட்டம் நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு.”

“என்னப்பா, உன் மேல குத்தமில்லைன்னுதான் அவங்க சொல்றாங்க” என்றார் ராவுத்தர், மெதுவாக.

நண்பர் பேனாவை மூடினார்.

“அம்மாட்ட இன்னும் சொல்லல. போயிச் சொல்லணும். வாதம் சரிதாம்மான்னு சொல்லவா?”

மூவரும் அவரோடு பஸ் நிலையம்வரை நடந்தோம். சின்னக்கானலுக்கு உடன் வருகிறேன் என்றார் ராவுத்தர். வேண்டாம் என்றுவிட்டார்.